‘கன்சர்னிங்’ என்றால் ‘பற்றி’யா, பயமா? சீனர்களைச் சிக்கவைக்கும் ஓர் ஆங்கிலச் சொல்!

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஃப்ளஷிங் என்று ஓர் ஏரியா இருக்கிறது. சீனர்கள் அதிகம் வாழும் இடம். கடைப் பலகை, மருந்துக்கடை, பேங்க் என்று எங்கு திரும்பினாலும் சீன எழுத்துகள். அங்கே பல வருடங்களாக வாழும் ஒரு சீன அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சு ஸ்கேன் எடுத்து இரண்டு நாள் ஆகிறது. டாக்டர் இன்னும் கூப்பிடவில்லை. ஆனால், மொபைலில் ஒரு நோட்டிஃபிகேஷன்: ‘உங்கள் ரிப்போர்ட் ரெடி.’

திறந்து பார்க்கிறார். பாதி புரியவில்லை. கடைசி வரியில் இருப்பது இதுதான்: ‘ஃபைண்டிங்ஸ் கன்சர்னிங் ஃபார் மாலிக்னன்சி.’

அவர் ஊரில் படித்த ஆங்கிலத்தில் ‘கன்சர்னிங்’ என்றால் ‘பற்றி’. அப்படியென்றால் இது மாலிக்னன்சி பற்றிய ரிப்போர்ட். சரி, எதைப் பற்றி டெஸ்ட் எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள், ரிசல்ட்டை டாக்டர் சொல்வார் என்று போனை வைத்துவிடுகிறார். உண்மையில் அந்த வரி சொல்வது வேறு. ‘புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகம் எழுகிறது, அடுத்த சோதனை வேண்டும்’ என்பதுதான் அதன் அர்த்தம்.

அம்மா கற்பனை. மற்றதெல்லாம் நிஜம். அமெரிக்காவில் 2016-ல் வந்த ‘21-ம் நூற்றாண்டு க்யூர்ஸ்’ சட்டத்தின் கீழ் போடப்பட்ட விதி 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சோதனை முடிவுகளை நோயாளியிடமிருந்து தாமதப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவாக, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நோயாளி ரிப்போர்ட்டைத் தன் போனில் தனியாகப் படிக்கிறார். டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியில் எழுதப்பட்ட ரிப்போர்ட் அது.

அந்த மொழியில் ‘கன்சர்னிங் ஃபார்’ என்பது ரொம்ப சாதாரணமாகப் புழங்கும் சொல். சீன மொழி பேசுபவர்களுக்கு இந்த ஒரு சொல் ஏன் இவ்வளவு குழப்பம் தருகிறது? இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

ஒரு சொல், ஓர் அர்த்தம்

சீனாவில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று 2001-ல் கல்வி அமைச்சகம் முடிவெடுத்தது. பிளஸ் டூ முடித்ததும் எழுதும் ‘காவ்காவ்’ நுழைவுத்தேர்வில், பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மார்க்கில் ஆங்கிலத்துக்கு மட்டும் 150. கல்லூரிக்குப் போனால் 1987-ல் தொடங்கிய கல்லூரி ஆங்கிலத் தேர்வு காத்திருக்கும். இத்தனை தேர்வுக்கும் பொதுவான ஆயுதம் ஒன்றுதான்: வேர்ட் லிஸ்ட். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் சீன அர்த்தம். காலையில் ஐம்பது, ராத்திரி ஐம்பது என்று மனப்பாடம்.

இதில் சீன மாணவர்களிடையே பிரபலமான ஒரு ஜோக் உண்டு. அகர வரிசையில் போகும் பல லிஸ்ட்டுகளில் ஆரம்பத்திலேயே வரும் சொல் ‘அபாண்டன்’, அதாவது ‘கைவிடு’. அதைப் படித்ததும் புத்தகத்தையே கைவிட்டுவிடுவார்களாம். நாமும் டிக்‌ஷனரியை ‘ஏ’-யிலிருந்து மனப்பாடம் செய்யப் பார்த்த ஆட்கள்தானே, சிரிப்பு வரத்தான் செய்யும்.

இந்த லிஸ்ட்டில் ‘கன்சர்னிங்’ எதிரே இருக்கும் அர்த்தம் ‘குவான்யூ’. தமிழில் சொன்னால் ‘பற்றி, குறித்து’. தப்பே இல்லை. ‘எ லெட்டர் கன்சர்னிங் யுவர் விசா’ என்றால் ‘உங்கள் விசா குறித்த கடிதம்’. ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் பயன்பாடு இது.

சிக்கல் என்னவென்றால், அதே சொல்லுக்கு ‘கவலை தரக்கூடிய’ என்று இன்னொரு வேலையும் இருக்கிறது. ‘திஸ் இஸ் கன்சர்னிங்’ என்றால் ‘இது கவலைக்குரியது’. இது புதுசாக யாரோ சோஷியல் மீடியாவில் கிளப்பிவிட்டதும் இல்லை. 18-ம் நூற்றாண்டிலேயே அச்சில் இருக்கிறது. ஆனாலும் ‘இது சரியான ஆங்கிலமா?’ என்று இலக்கணக் காவலர்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள். ‘வொரியிங்’ இருக்கும்போது இது எதற்கு என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று டாக்டர், மேனேஜர், டீச்சர் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

‘குவான்யூ’ மட்டும் தெரிந்தவர் ‘யுவர் ரிசல்ட்ஸ் ஆர் கன்சர்னிங்’ என்று கேட்டால் என்ன ஆகும்? அவர் காதில் அது முடியாத வாக்கியம். ‘உங்கள் ரிசல்ட் ... பற்றி’. எதைப் பற்றி? மீதி வரும் என்று காத்திருப்பார். எதிரே இருப்பவரோ சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார்.

கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘திஸ் இஸ் வெரி கன்சர்னிங்’. உட்காருகிறது. அப்படியென்றால் அது கவலை. ‘எ லெட்டர் வெரி கன்சர்னிங் யுவர் விசா’. உட்காரவில்லை. அப்படியென்றால் அது ‘பற்றி’. பின்னால் நேரடியாக ஒரு பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் ‘பற்றி’, வாக்கியம் அந்தச் சொல்லோடு முடிந்துவிட்டால் கவலை.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் மருத்துவ ரிப்போர்ட்டின் ‘கன்சர்னிங் ஃபார்’. பின்னால் நோயின் பெயர் வருவதால் ‘பற்றி’ மாதிரியே தெரியும். ‘ஃபார்’ என்ற குட்டிச் சொல்தான் அடையாளம். ‘சஸ்பீஷியஸ் ஃபார்’, ‘வொரிசம் ஃபார்’ என்றும் ரேடியாலஜிஸ்ட்கள் எழுதுவார்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்: படத்தில் தெரிவதை வைத்து இந்த நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம்.

இதில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ‘கன்சர்னிங்’ என்றால் கவலை என்று மட்டும் தெரிந்தவர், ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ‘கேன்சர் உறுதி’ என்று உடைந்துபோகலாம். அதுவும் தப்பு. ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து ரேடியாலஜிஸ்ட் தீர்ப்பு எழுதுவதில்லை. பல நேரங்களில் பயாப்ஸி முடிந்தால்தான் உறுதி. அதனால்தான் இப்படி ஒரு நடுவாந்திரமான சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மார்பகப் பரிசோதனையில் இந்தப் பிரச்னையைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘பை-ராட்ஸ்’ என்ற முறை. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 1993-ல் வெளியிட்டது. டாக்டர் எந்தப் பெயரடையைப் போட்டாலும், கூடவே 0 முதல் 6 வரை ஓர் எண் போட வேண்டும். 4 என்றால் சந்தேகம், 5 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிக அதிகம். சீன மருத்துவமனைகளிலும் இதே முறை இருக்கிறது. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

‘குவான்’ குடும்பம்

‘குவான்யூ’வில் இருக்கும் ‘குவான்’ என்ற எழுத்தைக் கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம். அதன் பழைய அர்த்தம் கதவின் தாழ்ப்பாள். அதிலிருந்து வாசல், எல்லைச் சாவடி, தொடர்பு என்று விரிந்தது. பிசினஸ் படித்தவர்கள் கேள்விப்பட்டிருக்கும் ‘குவான்ஷி’, அதாவது ஆள் தொடர்பு, இந்தக் குடும்பம்தான்.

ஆங்கிலத்தின் ‘கன்சர்ன்’ தரும் பல அர்த்தங்களுக்கு, சீனத்தில் இந்தக் குடும்பத்தின் வெவ்வேறு உறுப்பினர்கள் வந்து நிற்கிறார்கள். ‘குவான்யூ’ என்றால் பற்றி. ‘குவான்சின்’ என்றால் அக்கறை, பாசம். ‘குவான்ச்சூ’ என்றால் கவனிப்பது, கவனத்தில் வைப்பது. ‘யோகுவான்’ என்றால் சம்பந்தப்பட்ட. இந்த நாலில் எதிலுமே ‘பயப்பட வேண்டிய விஷயம்’ என்ற தொனி முதலில் வராது. பயத்துக்கு வேறு சொல் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

‘குவான்ச்சூ’வுக்கு ஓர் உதாரணம் பாருங்கள். 2020 ஜனவரி 30-ம் தேதி உலக சுகாதார அமைப்பு கொரோனாவை ‘சர்வதேசக் கவலைக்குரிய பொது சுகாதார அவசரநிலை’ என்று அறிவித்தது. ஆங்கிலப் பெயரில் கவலைக்கு இருக்கும் சொல் ‘கன்சர்ன்’. சீனம் ஐ.நா-வின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று என்பதால் அந்தப் பெயருக்கு அதிகாரபூர்வ சீன வடிவமும் உண்டு. அதில் ‘கன்சர்ன்’ இருக்கும் இடத்தில் இருப்பது ‘குவான்ச்சூ’. இதே ‘குவான்ச்சூ’தான் சீனாவின் வெய்போ ஆப்பில் ஒருவரை ஃபாலோ செய்ய அழுத்தும் பட்டனிலும் எழுதியிருக்கும். அரசு மொழியில் அந்தச் சொல்லுக்குக் கனம் உண்டு என்பது வேறு விஷயம். ஆனாலும், ஆங்கிலத்தில் கவலையாக இருப்பது சீனத்துக்குள் போகும்போது கவனமாக மாறிவிடுகிறது. இந்தப் பழக்கத்தோடு வரும் ஒருவர், ‘வீ ஆர் கன்சர்ன்ட்’ என்று கேட்டால், ‘கவனிக்கிறாங்க, நல்லது’ என்று எடுத்துக்கொள்வதில் ஆச்சர்யம் என்ன?

‘யோகுவான்’ இன்னும் சுவாரஸ்யம். ‘யோகுவான் பூமென்’ என்றால் ‘சம்பந்தப்பட்ட துறை’. சீன அரசு அறிவிப்புகளில் இது இல்லாத பக்கம் அபூர்வம். இதை ஆங்கிலமாக்கும் மாணவர்கள் ‘கன்சர்ன்ட் டிபார்ட்மென்ட்’ என்று எழுதிவிடுவார்கள். ‘டிபார்ட்மென்ட் கன்சர்ன்ட்’ என்றால்தான் சம்பந்தப்பட்ட துறை. சொல்லை முன்னால் போட்டால் பிரிட்டிஷ்காரர் காதில் அது ‘கவலையில் இருக்கும் துறை’.

சிரிக்காதீர்கள், ‘கன்சர்ன்ட் ஆபீசர்கிட்ட கேளுங்க’ என்று தாலுகா ஆபீஸிலிருந்து ஐ.டி. கம்பெனி ஹெச்.ஆர். வரை நாமும் அதைத்தான் சொல்கிறோம். இந்திய ஆங்கிலத்தில் அது நிலைத்துப்போன பயன்பாடு. போதாததற்கு விளம்பரங்களில் ‘சிஸ்டர் கன்சர்ன்’ வேறு. அது தங்கச்சியின் கவலை இல்லை, துணை நிறுவனம் என்று வெளிநாட்டு நண்பருக்கு விளக்கிப் பாருங்கள்.

மனசைத் தோளில் சுமப்பது

சரி, கவலைக்குச் சீனத்தில் என்ன சொல்? அன்றாடப் பேச்சில் ‘தான்சின்’. இரண்டு எழுத்துகள். ‘சின்’ என்றால் இதயம், மனசு. ‘தான்’ என்றால் சுமப்பது, அதிலும் தோளில் குறுக்கே கம்பு வைத்து, இரண்டு பக்கமும் பாரம் தொங்கவிட்டுச் சுமப்பது. நம்மூர் காவடித் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கவலைப்படுவது என்றால் மனசைச் சுமப்பது. எனக்கு இந்தச் சொல்லை ரொம்பப் பிடித்துவிட்டது.

‘வோ ஹென் தான்சின்’ என்றால் ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’. இதுவரை பிரச்னை இல்லை. ஆனால் ‘கவலை தரும் நிலைமை’ என்று சொல்ல ஆங்கிலம் சொல்லின் வாலை மாற்றுகிறது. கவலைப்படும் ஆள் ‘வொரீட்’, கவலை தரும் விஷயம் ‘வொரியிங்’. சீனச் சொற்களுக்கு வால் கிடையாது. எந்தச் சூழலிலும் ‘தான்சின்’ ‘தான்சின்’தான். விஷயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், ‘ஆளை’, ‘ஆக்குகிற’ என்று தனிச் சொற்கள் சேர்க்க வேண்டும். ‘லிங் ரென் தான்யோ’: ஆளைக் கவலைப்பட வைக்கிற. செய்திகளில் அடிக்கடி வரும் தொடர் இது.

அதனால்தான் சீன மாணவர்களின் கட்டுரைகளில் ‘தி சிச்சுவேஷன் இஸ் வெரி வொரீட்’ என்ற வாக்கியத்தைப் பார்க்கலாம். நிலைமை உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தலைகீழாக ‘ஐ ஆம் வெரி வொரியிங்’ என்று எழுதினால், ‘என்னைப் பார்த்தாலே மற்றவர்களுக்குக் கவலை’ என்றாகிவிடும். (ஸ்கூலில் ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்லி மாட்டிக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகள் கை தூக்கலாம். ‘எனக்கு கவலையா இருக்கு’, ‘நிலைமை கவலையா இருக்கு’ என்று இரண்டுக்கும் ஒரே ‘கவலையா’தானே நமக்கும்.)

இன்னொரு குட்டி வில்லன், அந்த ‘ஹென்’. டிக்‌ஷனரியில் அதன் அர்த்தம் ‘மிகவும்’. ஆனால் சீனத்தில் ‘நான் உயரம்’, ‘டீ சூடு’ என்று சாதாரணமாகச் சொல்வதற்கே நடுவில் ஒரு ‘ஹென்’ வேண்டும். அது இல்லாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கிற மாதிரி, வேறு எதனுடனோ ஒப்பிடுகிற மாதிரி கேட்கும். அழுத்திச் சொன்னால் ஒழிய அதற்கு ‘மிகவும்’ என்ற வலு இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது அது ‘வெரி’யாகத் தாவி வந்துவிடுகிறது.

என் தோழி ஒருத்தி சென்னையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் பர்ச்சேஸ் டீமில் இருக்கிறாள். ஷென்சென் நகர சப்ளையரோடு தினமும் மெயில். ஒருநாள் அங்கிருந்து ‘வீ ஆர் வெரி வொரீட் அபௌட் தி லேபிள் கலர்’ என்று வந்திருக்கிறது. பதறிப்போய் மேனேஜரை எழுப்பி, ராத்திரி பத்து மணிக்கு வீடியோ கால் போட்டால், எதிர்ப்பக்கம் இருந்தவருக்கே ஷாக். லேபிளில் நீலம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்த ‘வெரி’யில் ஒன்றுமே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. ரெண்டு மாதம் கழித்து அதே சப்ளையரிடமிருந்து இன்னொரு மெயில். ‘தி சிப் டெலிவரி சிச்சுவேஷன் இஸ் நாட் ஆப்டிமிஸ்டிக்.’ இந்த முறை அவள் பதறவில்லை. ‘கொஞ்சம் லேட்டாகும் போல’ என்று ஃபைல் செய்துவிட்டாள்.

உண்மையான அபாயச் சங்கு

அங்கேதான் தவறு நடந்தது. ‘நாட் ஆப்டிமிஸ்டிக்’ என்பது சீனர்கள் ஆங்கிலத்தில் எழுதும் வாக்கியங்களில் மிகப் பிரபலமான ஒன்று. ஆங்கிலத்தில் நம்பிக்கையோடு இருப்பது ஆள்தான், நிலைமை இல்லை. எனவே டீச்சர்கள் சிவப்பு மையில் சுழிப்பார்கள். ஆனால் அதன் பின்னால் இருக்கும் சீனத் தொடர் ‘பூ ரோங் லெகுவான்’. நேரடியாகச் சொன்னால் ‘நல்லது நடக்கும் என்று நினைக்க இடம் தராதது’. அதிகாரிகளும் டாக்டர்களும் டி.வி. செய்தி வாசிப்பவர்களும் அடக்கமான குரலில் சொல்லும் சொல். கேட்கும் சீனருக்கு நன்றாகத் தெரியும், நிலைமை மோசம்.

ஐ.சி.யூ வாசலில் ‘நிலைமை அவ்வளவு நம்பிக்கையா இல்லை’ என்று சீன டாக்டர் ஒருவர் சொன்னால், ஊரில் இருக்கும் மகனுக்கு உடனே போன் போகும். நம்மூர் ஆஸ்பத்திரி வாசலில் ‘சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க’ என்று சொல்வது போல.

என் தோழியின் சிப்கள்? ஆறு வாரம் தாமதம். ‘வெரி வொரீட்’டுக்கு ராத்திரி மீட்டிங் போட்டவர்கள், ‘நாட் ஆப்டிமிஸ்டிக்’கை ஃபைலில் போட்டார்கள். சப்ளையர் ஏமாற்றவில்லை. அவர் மொழியில் அவர் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் ஆங்கில டாக்டரின் ‘கன்சர்னிங்’கும் சீன டாக்டரின் ‘பூ ரோங் லெகுவான்’னும் அண்ணன் தம்பி. இரண்டும் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் கெட்ட செய்தி. என்னைக் கேட்டால் சீன மாணவர்களின் வேர்ட் லிஸ்ட்டில் ‘கன்சர்னிங்’ எதிரே ‘குவான்யூ’வோடு இந்தத் தொடரையும் எழுதியிருக்க வேண்டும். ‘கவலை தரும்’ என்ற அகராதி அர்த்தத்தைவிட, சொல்கிறவரின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்பது இதில்தான் சரியாகப் பிடிபடும்.

சீன மருத்துவமனைகளுக்கு இப்படிச் சொல்வது புதிதும் இல்லை. ஸ்கேனில் கட்டி தெரிந்தால் ‘ச்சான்வெய்’ என்று எழுதுவார்கள். ‘இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது’ என்று அர்த்தம், பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி. நோயாளியிடம் சொல்லாமல் குடும்பத்திடம் முதலில் சொல்லும் பழக்கமும் அங்கே பரவலாக இருக்கிறது. 2019-ல் லூலூ வாங் இயக்கிய ‘தி ஃபேர்வெல்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய், குடும்பம் முழுக்க அவரிடம் மறைக்கிறது. அதில் அமெரிக்காவிலிருந்து வந்த பேத்தி, பாட்டிக்கு முன்னாலேயே டாக்டரோடு ஆங்கிலத்தில் பேசுவாள், பாட்டிக்குப் புரியக் கூடாது என்று. ஆங்கிலம் அங்கே திரைச்சீலை. ஃப்ளஷிங் அம்மாவுக்கும் அதே திரைச்சீலைதான், யாரும் வேண்டுமென்றே போடவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

அர்த்தம் தெரிந்தாலும் அளவு தெரிய வேண்டும் இல்லையா? சீனாவில் வானிலை எச்சரிக்கைக்கு நாலு நிறம் உண்டு: நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அங்கே படித்த ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்றால் நான் அதையே பயன்படுத்துவேன். வேலையிடத்து ஆங்கிலத்தில் ‘எ பிட் கன்சர்னிங்’ நீலம். வெறும் ‘கன்சர்னிங்’, ‘வொரியிங்’ மஞ்சள். ‘டீப்லி கன்சர்னிங்’, ‘அலார்மிங்’ ஆரஞ்சு. மருத்துவமனையில் ‘கிரிட்டிக்கல்’ என்று சொன்னால் சிவப்பு. இது என் கணக்கு, அகராதிக் கணக்கு இல்லை. அதோடு பிரிட்டிஷ்காரர் மேனேஜராக இருந்தால் ஒரு நிறம் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் ‘எ பிட்’ என்று சொல்லும்போது வீடு பாதி எரிந்திருக்க வாய்ப்பிருக்கிறது.

இந்த அளவுக் குழப்பத்தில் நானும் சிக்கியிருக்கிறேன். டெஸ்க்கில் சேர்ந்த புதிது. நைட் ஷிஃப்ட். வெளிநாட்டுத் தலைவர் ஒருவரின் உடல்நிலை பற்றி ஏஜென்சி செய்தி வந்தது. அதில் இருந்த ‘கன்சர்னிங்’கை நான் ‘கவலைக்கிடம்’ என்று போட்டுவிட்டேன். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சரிதானே, கவலைக்கு இடம். அலெர்ட் போவதற்கு ஒரு நிமிடம் முன்பு சீஃப் சப் சேரைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டார்: “ஏம்பா, ஆள் போயிட்டு இருக்காரா, இல்ல செக்-அப்புக்குப் போயிருக்காரா?” தமிழ்ப் பத்திரிகையில் ‘கவலைக்கிடம்’ சிவப்பு. ‘கவலையளிக்கிறது’ மஞ்சள். ‘கவலை’ என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது, ஆனால் முதல் சொல்லைப் படித்தவர்கள் அனுதாபப் பதிவு போட ஆரம்பித்துவிடுவார்கள்.

எழுதும்போது, கேட்கும்போது

எழுத வேண்டிய இடத்தில் சீன மாணவர்களுக்குப் பாதுகாப்பான சொல் ‘வொரியிங்’. ‘பற்றி’ என்ற இரட்டை அர்த்தம் அதற்குக் கிடையாது, இலக்கணக் காவலர்களும் சண்டைக்கு வர மாட்டார்கள். அமெரிக்காவில் ‘வொரிசம்’ என்றும் எழுதுவார்கள். ‘தி சிச்சுவேஷன் இஸ் நாட் ஆப்டிமிஸ்டிக்’ என்று கை போனால், ‘வீ ஆர் நாட் ஆப்டிமிஸ்டிக்’ என்று ஆளை முன்னால் கொண்டுவந்தால் போதும். கூடவே, எத்தனை நாள் தாமதம், எவ்வளவு சரக்கு என்று எண்ணைச் சேர்த்துவிட்டால் பெயரடையின் பாரம் பாதியாகக் குறையும். என் தோழியின் டீம் இப்போது சப்ளையர் மெயில் ஃபார்மேட்டில் அப்படி ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டது: ‘எத்தனை நாள்?’ எண் மட்டும்தான் நிரப்ப முடியும்.

படிக்கும் இடத்தில், ஒற்றைச் சொல்லை எடுத்து அகராதியில் தேடாமல் முழு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்பு ஆப்பில் போடுவது நல்லது. ‘ஃபார்’ அப்போதுதான் கணக்கில் வரும். ஆனால் மருத்துவ ரிப்போர்ட்டுக்கு ஆப்போடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள், ஆங்கிலம் சரளமாக வராத நோயாளிகளுக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பது சட்டம். மாண்டரின் வேண்டும், கான்டனீஸ் வேண்டும் என்று மொழியைச் சொல்லிக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் அரசே 24 மணி நேரத் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை நடத்துகிறது. நம்மவர்கள் குறித்துக்கொள்ளலாம், அதில் தமிழும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர் லைனில் வந்ததும் ‘கன்சர்னிங் என்றால் என்ன?’ என்று கேட்டால், பெரும்பாலும் இன்னொரு பெயரடைதான் பதிலாக வரும். ஃப்ளஷிங் அம்மா கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: அடுத்து என்ன டெஸ்ட்? பயாப்ஸியா, இன்னொரு ஸ்கேனா? எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும்? யார் அப்பாயின்ட்மென்ட் போடுவார்கள், நீங்களா, நானா?